முப்பத்தொரு கிலோ

மூன்றாவது மோட்டாரும் புகைந்த பிறகுதான்
முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டோம்:
இந்தத் தண்டைச் சுழற்ற
உண்மையில் எவ்வளவு வேண்டும்?

தல்காவேயில் அன்று விடியலிலிருந்தே மழை.
தகரக் கூரைக்கடியில் நாங்கள் இருவர்.
ஒஸ்வால்தினா வெல்டிங் செய்பவள்.
நான் சால்மன் கூண்டுகளில் பதினோரு வருடம்
தீவனம் கொட்டியவன்.
கரையில் ஒதுங்கும் நீலப் பெட்டிகளில் பாதி
என் கைபட்டவை.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

லாரிப் பட்டாவில் அறுத்தெடுத்த பன்னிரண்டு தகடுகள்,
தகட்டுக்கு இரண்டு பல்.
அறுகோணத் தண்டில் கோத்து,
உடைந்த பெட்டியின் சுவரை ஊட்டினால்
ஒரு கடி,
ஒரு முனகல்,
பிறகு மாப்பிள்ளை முறுக்கோடு
அப்படியே நின்றுவிடும்.

முறுக்குவிசை அளக்கக் கருவி இருக்கிறது.
அந்த விலைக்கு ஒரு பழைய படகு வாங்கலாம்.
எங்களிடம் இருந்தது ஒரு மீட்டர் இரும்புக் குழாய்.
மோட்டாரைக் கழற்றிவிட்டுத்
தண்டின் முனையில் குழாயைப் படுக்கைவாட்டில் பூட்டி
நுனியில் கூடை கட்டினாள்.
எடைக்கல்லுக்கு எங்கே போவது?
பக்கத்து வீட்டு எதெல்மீரா சீகுவாய்
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தந்தாள்,
கடனாக,
தன் தராசில் நிறுத்து,
என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு.

ஊதாத் தோல் கிழங்கு, விரல்போல் கோணிய கிழங்கு,
கறுத்து முடிச்சு முடிச்சாய் ஒன்று.
ஒவ்வொன்றாகக் கூடையில் வைத்தோம்.
பத்து கிலோ: பல் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவே.
இருபது: குழாய் ஒரு நூல் தாழ்ந்தது.
இருபத்தெட்டு: கடிபட்ட இடத்தில் மட்டும்
நீலம் வெளுத்தது.
முப்பதுக்கு மேல் மூச்சு விடவே பயமாக இருந்தது,
அதற்கும் எடை இருந்துவிட்டால்?

முப்பத்தொன்று.
டப்.
கூடை தரையில்,
கிழங்குகள் மூலைக்கொன்று.

சுவரில் சாக்பீஸால் எழுதினாள்:
கிழங்கு முப்பத்தொன்று. கூடை ஒன்று.
குழாய்க்கு ஒன்றரை
("அதுவும்தானே தொங்குகிறது, பாவம், அதை யார் கணக்கில் சேர்ப்பது?")
ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கினால்
முந்நூற்று இருபத்தெட்டு நியூட்டன் மீட்டர்.
கடைசியாக மிஞ்சிய மோட்டார் கியர்பெட்டி வழியாகத் தருவது
நூற்று எழுபத்து நாலு.
அதுவும் நல்ல நாளில்.

வித்தியாசத்தை வாங்கக் கையில் காசில்லை.
உடைந்த துண்டை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.
மூன்று பல்தடம்,
பக்கம் பக்கமாக, ஒரே கோட்டில், ஒரே ஆழம்.
"மூன்று பேரும் ஒரே நேரத்தில்
வாசலில் நுழையப் பார்த்திருக்கிறார்கள்."

அறுகோணம் அறுபது பாகைக்கு ஒருதரம் இடம் கொடுக்கும்.
அவசரத்தில் எல்லாத் தகட்டையும்
ஒரே திசை பார்க்கக் கோத்தவன் நான்.
அவள் அதைச் சொல்லவில்லை.
ஸ்பேனரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இரவு ஒன்றரை மணிக்கு மறுபடி கூடை.
பதினான்கு கிலோவில் டப்.

மூன்றில் ஒரு பங்காகும் என்று நினைத்திருந்தேன்.
பாதிதான் ஆனது.
ஏனென்று இன்றுவரை தெரியாது.
நூற்று அறுபத்திரண்டு.
கையில் மிச்சம் பன்னிரண்டு.
மழையில் மின்சாரம் சோர்ந்தால் அதுவும் கிடையாது.

மோட்டாரைப் பூட்டிப் போட்டோம். ஓடியது.
கூண்டு எண் ஏழு என்று நானே
பெயின்ட் அடித்த பெட்டி,
ஏழு முதலில் போயிற்று,
பிறகு மீதி.
சில்லுகள் வாளியில் ஆலங்கட்டியாய் விழுந்தன.
ஆசை விடவில்லை, சிப்பிப் பண்ணைக் கயிறு ஒன்றைக் கொடுத்தோம்.
அது உடையவே இல்லை.
தண்டைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டது.
அதற்கெல்லாம் கிழங்கில் கணக்கு கிடையாது.

காலையில் மூட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
எதெல்மீரா நிறுத்தாள்.
அரைக் கிலோ குறைகிறது என்றாள், என் கையெழுத்தைக் காட்டி.

இயந்திரத்துக்கடியில் குப்புறப் படுத்துக் கைவிட்டேன்.
நீலத் தூள், இரும்புச் சிராய்,
சுவரோரம்
கறுத்த முடிச்சுக் கிழங்கு.
மோட்டாரின் சூடு
இன்னும் அதில் இருந்தது.